வண்டிக்கு உள்ளே, வண்டிக்கு அடியில்

சில வருடங்களுக்கு முன் அலுவலக வேலையாக அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்டு மாதம் இருந்தேன். உடன் வேலை பார்த்த ஒருவர் ஒரு சனிக்கிழமை என்னை ஏரிக்கரை முகாம் ஒன்றுக்குக் கூட்டிப் போனார். பழைய பயண டிரெய்லர் வைத்திருப்பவர்கள் ஒன்றுகூடும் நாள் அது. டிரெய்லர் என்றால் எனக்கு டிராக்டருக்குப் பின்னால் கரும்பு ஏற்றிப் போவதுதான் ஞாபகம் வரும். இவை வேறு. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடுகள். உள்ளே படுக்கை, அடுப்பு, மடக்கு மேசை. அறுபது எழுபது வருடப் பழசு, ஒரு கீறல் இல்லை. அன்று மதியம் எல்லாரும் கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் இந்தக் கூட்டங்களுக்கே நூறு வருட வரலாறு உண்டு. 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற சங்கம் தொடங்கியது. ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வது அவர்களின் அடையாளம். பிறகு வாலி பையம் வந்தார். 1936இல் அலுமினியத் தகட்டில் அவருடைய ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் செய்த கிளிப்பர் 1200 டாலர், நான்கு பேர் படுக்கலாம். வண்டி விற்பதோடு அவர் நிற்கவில்லை. வாங்கியவர்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு நாடு நாடாகப் போனார். 1959-60இல் 41 டிரெய்லர்கள் கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரை ஆப்பிரிக்காவை நெடுக்காகக் கடந்தன. இரவில் நிறுத்தும்போது வண்டிச் சக்கரம் மாதிரி வட்டமாக நிறுத்துவார்கள். நடுவில் குடம், சுற்றிலும் ஆரக்கால்கள். என்ஜின் வந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகும் மனதில் இருந்தது மாட்டு வண்டிதான்.

ஒரு பெரியவர் தன் டிரெய்லரைக் காட்டிவிட்டு, உங்கள் ஊரில் இப்படி உண்டா என்று கேட்டார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எங்கள் தாத்தாவிடம் ஒரு கூண்டு வண்டி இருந்தது, குடும்பமே அதில் திருவிழாவுக்குப் போய் இரண்டு நாள் தங்கி வரும், ஆறு பேர் உள்ளே படுக்கலாம் என்று அளந்தேன். அந்த வண்டியில் நான் ஏறியதே இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே, 1986இல், அது போய்விட்டது.

எங்கள் ஊர் பாகூர் கொம்யூனில் இருக்கிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். ஏரியும் நெல்லும் உண்டு, ரயில் கிடையாது. வில்லியனூருக்கு அந்த அதிர்ஷ்டம் 1879இலேயே வந்துவிட்டது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போட்ட பாதை அதன் வழியாகப் போனதால், மேற்கேயிருந்து வருகிறவர்கள் திருக்காமீஸ்வரர் கோயில் வைகாசித் தேருக்கு ரயிலில் வந்து இறங்கலாம். தெற்கேயிருந்து போகும் எங்களுக்கு வண்டிதான். பதினைந்து கிலோமீட்டர் அளவு. மாடு நடக்கிற நடையில் நாலைந்து மணி நேரம்.

வண்டியின் கட்டமைப்பைப் பற்றி அப்பாவிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். இன்ஜினியரிங் படித்தவனுக்கு அது ஒரு விருந்து. குடத்திலிருந்து பன்னிரண்டு ஆரக்கால். சுற்றி ஆறு வட்டை, வட்டைக்கு இரண்டு கால். மேலே இரும்புப் பட்டா. பட்டாவைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகத்தான் அடிப்பார்கள். வறட்டியை அடுக்கித் தீ மூட்டிப் பழுக்கக் காய்ச்சினால் அது விரியும். ஐந்தடி விட்டமுள்ள பட்டாவை ஐந்நூறு டிகிரி சூடேற்றினால் சுற்றளவு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் கூடும், கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஓர் அங்குலத்தில்தான் வண்டியே இருக்கிறது. மரத்தில் மாட்டித் தண்ணீரை ஊற்றியதும் பட்டா சுருங்கி, ஆணியோ பசையோ இல்லாமல் அத்தனை மரத்துண்டையும் இறுக்கிவிடும். அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரி குழைத்த மை. சக்கரம் கழன்றுவிடாமல் ஒரு கடையாணி.

எனக்கு மிகவும் பிடித்தது உட்காரும் இடம். கூண்டுக்குள் வைக்கோலைக் கனமாகப் பரப்பி அதன்மேல் ஜமக்காளம் விரிப்பார்கள். அந்த வைக்கோல்தான் மாட்டுக்குத் தீனி. திரும்பி வரும்போது இருக்கை மெலிந்திருக்கும், எலும்பு நோகும். எரிபொருளின் மேல் மெத்தை போட்டு உட்கார்ந்து போன வாகனம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இந்த வைக்கோலுக்கு ஓர் அரசியல் வரலாறும் உண்டு. பாகூரும் வில்லியனூரும் பிரெஞ்சு இந்தியா, இடையிடையே பிரிட்டிஷ் இந்தியா. வரைபடத்தில் பார்த்தால் சிந்திய சோறு மாதிரி இருக்கும். 1941இல் இரு தரப்புக்கும் சுங்க ஒப்பந்தம் ஏற்பட்டது. 1949இல் இந்திய அரசு அதை முடித்துக்கொண்ட பிறகு எல்லைகளில் சோதனை கடுமையானது. கூண்டு வண்டியை நிறுத்தி, பெண்களை இறக்கிவிட்டு, வைக்கோலுக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பார்களாம். 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனின் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 முதல் நிர்வாகம் கைமாறியது. வைக்கோலும் நிம்மதியானது.

கம்பி விட்டுக் குத்திய கதையை எனக்குச் சொன்னவர் எங்கள் வண்டியை ஓட்டியவர். அவருக்கு அவருடைய அப்பா சொன்னது. அப்பாவும் எங்கள் வீட்டு வண்டிதான் ஓட்டினார்.

அமெரிக்காவிலிருந்து திரும்பிய அடுத்த வைகாசியில் அவரைத் தேடிப் போனேன். எண்பதை நெருங்குகிறவர். எப்படிக் கூப்பிடுவது என்று வாசலில் ஒரு கணம் திணறினேன். எங்கள் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளையும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். பாட்டி கடைசிவரை 'வாடா' என்றுதான் கூப்பிட்டாள். நான் 'பெரியவரே' என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "இன்னா தம்பி புதுசா?" என்றார்.

தேருக்குப் போன கதையைக் கேட்டேன். விடிவதற்கு முன் வண்டி கட்டுவது, வழியில் புளியந்தோப்பில் அவிழ்த்துவிட்டுப் புளிச்சோறு, வில்லியனூரில் வரிசையாக நிற்கும் நூற்றுக்கணக்கான வண்டிகள், ஏர்க்காலுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தி மூன்று கல் வைத்துச் சமையல், இரவில் அரிக்கேன் விளக்கு. பாட்டி சொன்னதும் அவர் சொன்னதும் அப்படியே ஒத்துப்போயின. ஓரிடம் தவிர.

"நீங்க எங்க படுப்பீங்க?"

"அடியிலதான். சக்கரத்துல மாட்டக் கட்டிட்டு நடுவுல கோணிய போட்டுகினு படுத்துடுவேன். மாடு மிதிக்காது. மை சொட்டும், அவ்ளோதான்."

"தேர் எப்படி இருக்கும் அப்போ?"

"தேரா? தேர நான் எங்க பாத்தேன்? எல்லாரும் வடம் புடிக்கப் போயிடுவாங்க. வெடிச் சத்தத்துக்கு மாடு மெரளும். ரெண்டு மூக்கணாங்கயிறையும் புடிச்சிகினு நிப்பேன். சத்தம் கேக்கும், அவ்ளோதான். வண்டிய வித்தப்புறம் டவுன் பஸ்ல போயித்தான் மொத மொதல்ல பாத்தேன். அம்மாடி, இம்மாம் பெருசான்னு."

இருபது வருடத்துக்கு மேல் வருடம் தவறாமல் அந்தத் தேருக்குப் போனவர்.

வில்லியனூர் தேரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் ஒரு செய்தியைச் சொல்வார்கள். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடித்துத் தொடங்கி வைப்பார், இன்று துணைநிலை ஆளுநர் அதைத் தொடர்கிறார். நானும் பெருமையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். தேரும் என்ஜின் இல்லாத வண்டிதான், பார்க்கப்போனால் நம்மிடம் உள்ள மிகப் பெரிய டிரெய்லர். பாரிஸிலிருந்து வந்தவர் கைக்கு அதன் வடம் கிடைத்தது. கயிறு பிடிப்பதே தொழிலாக இருந்தவருக்குக் கிடைக்கவில்லை.

புதுச்சேரி அருங்காட்சியகத்தில் ஒரு 'புஷ் புஷ்' வண்டி இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஊருக்குள் போய்வந்தது. ஏறி உட்கார்ந்தவர் கையில் திசைதிருப்பும் பிடி இருக்கும், ஆட்கள் பின்னாலிருந்து தள்ளுவார்கள். உள்ளே இருப்பவருக்குத் தள்ளுகிறவரின் முகமே தெரியாது. முன்பெல்லாம் அதன் பிடியைத்தான் பார்ப்பேன், எவ்வளவு எளிமையான ஸ்டீயரிங் என்று.

வண்டி அழிந்ததற்கு யாரும் சதி செய்யவில்லை. பெங்களூர் ஐஐஎம்மின் முதல் இயக்குநர் என்.எஸ்.ராமசாமி 1970களில் இதற்காகவே உழைத்தார். நாட்டில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி மாட்டு வண்டிகள் ஓடுகின்றன, அவற்றுக்கு நல்ல பேரிங்கும் மாட்டின் கழுத்தைப் புண்ணாக்காத நுகத்தடியும் கொடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மாட்டின் கழுத்தைப் பற்றிக் கவலைப்பட்ட அபூர்வமான மேலாண்மைப் பேராசிரியர். ஆனால் டயர் வண்டி வந்தது, டிராக்டர் வந்தது, பஸ் வந்தது. அலுமினியம் துருப்பிடிக்காது, அதனால் பையத்தின் வண்டிகள் தப்பின. எங்களுடையது வேலமரம். கூண்டு மக்கிப்போய், மீதி செங்கல் சூளைக்குப் போனது. ஒரு சக்கரம் மட்டும் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்திருக்கிறது.

அவரைக் காரில் தேருக்கு அழைத்துப் போனேன். கூட்டத்தில் நசுங்காமல் ஓரமாக நின்று பார்த்தோம். தேர் திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிறவர்களை மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில் மிச்சிகனில் எடுத்த படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தள்ளிப் பார்த்தார்.

"இத யாரு ஓட்டுறது?"

"சொந்தக்காரங்களேதான்."

"ஆளு கெடையாதா?"

"கெடையாது."

"மழ வந்தா நல்லது," என்றார்.

சென்ற மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டல்காரர் அந்தச் சக்கரத்தைக் கேட்டு ஆள் அனுப்பினார். சுவரில் மாட்டி விளக்குப் போடுவதற்காம். நல்ல விலைதான். அப்பாவுக்குக் கொடுக்க மனமில்லை, என்னைக் கேட்டார். நான் பெரியவரைக் கேட்டேன். கடையாணி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அதைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார், வீட்டில் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லையாம்.