முறைக்காய்ச்சலும் மலைக்காய்ச்சலும்

குளிரும் நடுக்கமுமாக வந்து, வியர்த்து விலகி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தவணை தவறாமல் திரும்பும் ஜுரத்துக்கு நம் முன்னோர் முறைக்காய்ச்சல் என்று பெயரிட்டது அதன் காலத்தைக் கண்டு. மலைக்காய்ச்சல் என்றது அதன் இடத்தை ஊகித்து. ஜவ்வாது மலையை அண்டிய எங்கள் ஆரணியில், குழித்தறியில் பட்டு நெய்தவர்களுக்கு இரண்டாம் பெயரே இயல்பாகப் பட்டிருக்கும். இந்த ஜுரத்துக்கு இன்று வழங்கும் மலேரியா என்னும் பதத்திலும் மலை ஒலிக்கிறதே என்று மயங்கவேண்டாம். கெட்ட காற்று எனப் பொருள்படும் இத்தாலியச் சொற்றொடர் அது.

கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்ற அந்தச் சித்தாந்தம், 1880-இல் லவெரான் மனித இரத்தத்தில் கிருமியைக் கண்டபோது ஆட்டங்கண்டு, 1897-இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் அதனைக் கண்டபோது சரிந்தது. கிருமிகள் இரத்த அணுக்களை உடைத்து வெளிப்படுவது, வகைக்கேற்ப 48 அல்லது 72 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆதலின் சாஸ்திரத்துக்கு இசைந்த பெயர் முறைக்காய்ச்சலே என்பது என் துணிபு.

மலைக்காய்ச்சல் என்ற பெயரைச் சோதிக்க இலங்கையினும் தக்க களமில்லை. கண்டிச் சீமைத் தோட்டங்களை நாடி, மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கிக் கால்நடையாகச் சென்ற நம் ஏழை மக்களை ஜுரம் பற்றியது, குளிர் மிகுந்த மலையுச்சியில் அன்று, வழியிலிருந்த வறண்ட காட்டுச் சமவெளியிலேதான். மழை வளம் மிக்க தென்மேற்குப் பகுதியோ, ஆறுகள் புரண்டோடிக் கொசு முட்டைகளை அடித்துச் சென்றமையால், பெரும்பாலும் தப்பியிருந்தது. 1934-இல் அங்கே பருவமழை பொய்த்தது. தெதுரு ஓயா, மகா ஓயா முதலிய ஆறுகள் மணற்பரப்பாகி, இடையிடையே தெளிந்த குட்டைகள் தேங்கின. (எங்கள் ஆரணியின் கமண்டல நாகநதியைக் கோடையில் கண்டவர்களுக்கு இக்காட்சி புதிதன்று.) அத்தகைய தெளிநீரையே விரும்பும் அனோபிலிஸ் நுளம்பு, கொசுவுக்கு அங்கே அதுதான் பெயர், கணக்கின்றிப் பெருகிற்று. முன்பின் நோயறியாததால் எதிர்ப்பாற்றல் குன்றியிருந்த குருநாகல், கேகாலைப் பகுதிகளில் தலைகாட்டிப் பரவிய கொள்ளைநோய், சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது.

பின்னர் வந்த டி.டி.டி. என்னும் பூச்சிமருந்தைத் தெளித்ததால் 1963-இல் நோயாளிகள் 17 பேராகக் குறைந்தனர். தெளிப்பு தளர்ந்ததும், அந்தப் பதினேழு ஐந்தாறு ஆண்டுகளுக்குள் லட்சக்கணக்காயிற்று. மறுபடி நெடுங்காலம் போராடிய இலங்கையை, மலேரியா நீங்கிய நாடென்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில்.