செண்டரோ நீர்மின் நிலையம்

பேராக் ஆற்றின் குறுக்கே, கோலகங்சாருக்கு வடக்கே அமைந்த அணையும் மின் நிலையமும் செண்டரோ எனப்படுகின்றன. 1930இல் இயங்கத் தொடங்கிய இது, மலேசியாவில் இன்றும் மின்சாரம் தரும் பெரிய நீர்மின் நிலையங்களுள் மிகப் பழையது. இதன் திறன் 40.5 மெகாவாட்.

செண்டரோவைக் கட்ட வைத்தது ஈயம். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் நீர் பாய்ச்சும் பம்புகளுக்கும், மண்ணை வாரிச் சலிக்கும் மிதவை எந்திரங்களுக்கும் இடைவிடாமல் மின்சாரம் தேவைப்பட்டது. அதை விற்பதற்கென்றே பிரிட்டிஷ் முதலீட்டில் ஒரு நிறுவனம் உருவாகி, ஆற்றை மறித்தது. அதே காலத்தில் கோலாலம்பூரின் விளக்குகள் பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சாரில் நிலக்கரி எரித்த அனல் நிலையத்தை நம்பியிருந்தன. கிளாங்கில் கன்னாட் பிரிட்ஜ் நிலையம் எழுந்தது 1953இல்தான்.

அணையின் அமைப்பே தனி. கான்கிரீட் முட்டுச்சுவர்களுக்கு இடையே உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள்.  விசையாழிகள் மொத்தம் நான்கு.

1970களின் இறுதியிலும் 1980களிலும் மேற்புறம் மூன்று அணைகள் வந்தன: டெமெங்கோர் (348 மெகாவாட்), பெர்சியா (72), கெனெரிங் (120). டெமெங்கோரின் பரந்த ஏரி மழைநீரைத் தேக்கிவைக்கிறது. அங்கே திறந்துவிடும் நீர் அடுத்தடுத்த நிலையங்களிலும் சுழன்று, கடைசியாகச் செண்டரோவை அடைகிறது. ஒரே நீர் நான்கு முறை மின்சாரமாகிறது. அனல் நிலையத்தைச் சூடேற்ற மணிக்கணக்காகும்; நீர்மின் நிலையமோ சில நிமிடங்களில் முழு வேகம் எடுக்கும். தேசிய மின்கட்டமைப்பில் தேவை திடீரென ஏறும் வேளைகளில் கிளாங் பள்ளத்தாக்குக்கும் இந்த வேகம் கைகொடுக்கிறது.

தேசிய மின்சார வாரியம், செண்டரோவை இன்று இயக்கும் தெனாகா நேஷனல் நிறுவனமாக 1990இல் மாறியபோது எரிசக்தித் துறை அமைச்சராக இருந்தவர், பேராக்கின் சுங்கை சிப்புட் தொகுதியைச் சேர்ந்த ச. சாமிவேலு. அந்நிறுவனத்தின் தலைமையகம் பங்சாரில்தான் உள்ளது.

அணை தேக்கிய ஏரியின் கரைகளில் லெங்கோங் வட்டார மீனவர்கள் வலை வீசுகிறார்கள். இங்கு பேர்பெற்றது லோமா மீன். அதை உப்பும் வறுத்த அரிசியும் சேர்த்துப் புளிக்கவைத்து ‘பெக்காசாம்’ என்று விற்கிறார்கள்.

1985இல் உலக ஈயச் சந்தை சரிந்து கிந்தாவின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. செண்டரோ மட்டும் நிற்கவில்லை. பேராக் ஆற்று நிலையங்களின் ஆயுளை நீட்டிக்கும் திட்டத்தில் தெனாகா இதையும் சேர்த்திருக்கிறது.