குச்சிக்கும் ஒரு சரித்திரம் உண்டு

மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். சரித்திரமும் இயற்பியலும் கலந்த விஷயமாக இருந்தால் இரண்டு துறை நண்பர்களும் படிப்பார்களே என்று வாணத்தை எடுத்துக்கொண்டேன். தீபாவளிக்கு பாட்டிலில் நிறுத்திக் கொளுத்துகிறோமே, அந்த ராக்கெட்தான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் போனவர்கள் அங்குள்ள மலைக்கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். 1790-இல் திப்பு சுல்தானின் படை அதைத் தாக்கியது. கேப்டன் பிளின்ட் என்ற ஆங்கிலேயர் உள்ளேயிருந்து தாக்குப்பிடித்தார். அதற்குப் பத்து வருஷம் முன்னால், 1780 செப்டம்பர் 10-இல், காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் இதே மைசூர்ப் படை கர்னல் பெய்லியின் சேனையை அடியோடு முறித்தது. அந்தப் போரில் வாணங்கள் சீறிப் பறந்தன.

மைசூர் வாணத்தின் பெருமை அதன் இரும்புக் குழாய் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். தப்பில்லை. அட்டைக் குழாயைவிட இரும்பு அதிக அழுத்தம் தாங்கும். வாணம் ஆயிரம் கஜம் வரை போனது. ஆனால் குழாயோடு கட்டிய மூங்கிலை யாராவது பேசுகிறார்களா? இங்கிலாந்தில் வுல்விச் அருங்காட்சியகத்தில் இருந்த இரண்டு மைசூர் வாணங்களைப் பற்றி விஞ்ஞானி ரொத்தம் நரசிம்மா 1985-இல் எழுதினார். ஒன்றில் வாள் அலகு கட்டியிருந்தது. இன்னொன்றில் எட்டு அங்குலத்துக்கும் குறைவான குழாய்க்கு ஆறடிக்கு மேல் மூங்கில்!

எதற்கு இவ்வளவு நீளம்? கீழே தொங்கும் பாரம் ஊசல் மாதிரி நிமிர்த்தி வைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் காடர்டே 1926 மார்ச் 16-இல் பறக்கவிட்ட ராக்கெட்டில் எஞ்சினை மேலேயும் எரிபொருள் கலங்களைக் கீழேயும்தான் வைத்தார். இரண்டரை வினாடி, 41 அடி உயரம், அவ்வளவுதான். பிற்பாடு எஞ்சினைக் கீழே மாற்றிவிட்டார். விசை ராக்கெட்டோடு சேர்ந்தே சாயும்போது ஊசல் கணக்கு செல்லாது.

உண்மையான கணக்கு இரண்டு புள்ளிகளில் இருக்கிறது. விரலில் வைத்தால் சமமாக நிற்கிற இடம் ஒன்று, எடை மையம். பக்கவாட்டில் அடிக்கும் காற்றின் தள்ளல் முழுவதும் கூடுகிற இடம் இன்னொன்று, அழுத்த மையம். இது எடை மையத்துக்குப் பின்னால் இருந்தால், மூக்கு விலகினாலும் காற்றே வாலைத் தள்ளி நேராக்கிவிடும். முன்னால் வந்துவிட்டால் வாணம் குட்டிக்கரணம் போடும். மாதிரி ராக்கெட் செய்கிறவர்கள் இரண்டுக்கும் இடையே குறைந்தது ஒரு குழாய் விட்டம் இருக்க வேண்டும் என்பார்கள். அழுத்த மையத்தைக் கணக்கிட ஜேம்ஸ் பாரோமன் என்ற நாசா பொறியாளர் 1966-இல் சூத்திரம் கொடுத்தார்.

மூங்கில் இதைச் சூத்திரமில்லாமலே செய்தது. கல்வராயன் மலைக்காரர்களுக்கு மூங்கிலின் குணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை: உள்ளே கூடு, எடை குறைவு, விறைப்பு அதிகம். பாரமெல்லாம் முன்னால் குழாயில் இருக்க, காற்றைப் பிடிக்கும் நீளம் பின்னால் போய்விடுகிறது. மருந்து எரிய எரிய முன்பாரம் குறைந்து எடை மையம் பின்னுக்கு நகரும். அப்போதும் இரும்பின் எடை முன்னாலேயே நிற்கிறது பாருங்கள், அது இரும்பு செய்த இரண்டாவது உபகாரம் என்பேன்.

இங்கிலாந்தில் காங்கிரீவ் முதலில் குச்சியைப் பக்கத்தில் கட்டினார், 1815-இல் நடுமையத்துக்கு மாற்றினார். 1844-இல் ஹேல் குச்சியையே எடுத்துவிட்டு, வாணத்தைச் சுழலவிட்டு நேராக ஓட்டினார். 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து கிளம்பிய நைக்-அப்பாச்சிக்கு வால் சிறகுகள் இருந்தன. பழைய மூங்கிலின் வேலைதான் அவற்றுக்கும்.

2018-இல் கர்நாடகத்தின் நகராவில் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட மைசூர் வாணங்கள் கிடைத்தன. கிடைத்தவை இரும்புக் குழாய்கள். மூங்கில் மண்ணில் தங்குமா?

இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் மாதிரி ராக்கெட் செய்தால், மருந்துக் குழலையும் பொருத்தியபின் எடை மையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பாருங்கள். மூக்கு முன்னால் போனால் பறக்கவிடலாம். வால் முன்னால் வந்தால் மூக்கில் கொஞ்சம் களிமண் அப்பி மறுபடி சுற்றுங்கள்.