யாழ்ப்பாணத்து மதமாற்றமும் உள்ளத்து உண்மையும்

ஒருவர் தம் சமயத்தை விட்டு வேறொரு சமயம் புகுங்கால், அது மெய்யுணர்வால் நிகழ்ந்ததோ, பயன்கருதி நிகழ்ந்ததோ என்னும் ஐயம் எழுதல் இயல்பு. பிறர் உள்ளத்தை உள்ளவாறு அறிபவன் இறைவன் ஒருவனே. ஆயினும், கருதிய பயன் நீங்கியவிடத்தும் பற்று நிற்கின்றதா என நோக்கின் ஒருவாறு துணியலாம். யாழ்ப்பாணத்து வரலாறு இவ்வாராய்ச்சிக்குத் தக்க சான்றாகும்.

கி. பி. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்ட ஒல்லாந்தர், ஞானஸ்நானம் பெற்றார்க்கே அரசாங்க உத்தியோகம் உரியதாக்கினர். விவாகத்திற்கும் முதுசத்திற்கும் பள்ளித் தோம்பிற் பதிந்த பெயரே சான்றாயிற்று. மக்கள் ஞாயிறுதோறும் தேவாலயம் சென்றனர். இல்லத்தில் மறைவாக விரதங் காத்தனர். விரதநாளில் உண்ட இலையைக் கூரையிற் செருகி மறைத்தனர் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. ஒல்லாந்தராட்சியின் இறுதியிலேயே தளரத் தொடங்கிய கட்டுப்பாடு, 1796இல் ஆங்கிலேயராட்சி நிலைபெற்றபின் முற்றும் நெகிழ்ந்தது. நெகிழவே, ஏட்டளவிற் கிறித்தவராயிருந்தோரிற் பெரும்பாலார் வெளிப்படையாகத் திருநீறணிந்தனர்.

கி. பி. 1816இல் யாழ்ப்பாணம் புக்க அமெரிக்க மிஷனரிமார் சட்டத்தின் துணையை நாடினாரல்லர். கல்வியின் துணையை நாடினர். மிஷன் இல்லங்களிற் சிறுவர்க்கு உணவும் உடையும் கல்வியும் அளிக்கப்பட்டன. பொருளுதவிய அமெரிக்கர் பெயர்கள் அவருட் பலர்க்கு இடப்பட்டன. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றிற்று. அடுத்த ஆண்டில், ‘எழுப்புதல்’ எனக் கிறித்தவர் கூறும் உணர்ச்சிப் பெருக்கு மிஷன் நிலையங்களிற் பரவிற்று. மாணாக்கர் பலர் தம் பாவங்களை நினைந்து கண்ணீர் சொரிந்தனர். அக்கண்ணீரைப் பொய்யெனல் பொருந்தாது. ஆயின், பெற்றோரைப் பிரிந்து, ஊணும் உடையும் கல்வியும் ஒருவர் கையதாக வாழுஞ் சிறார், அவர் விரும்பும் உணர்ச்சியைத் தாமும் எய்துதல் எளிதாகலின், அதனைத் தேர்ந்து தெளிந்த துணிபெனலும் பொருந்தாது. மிஷனரிமாரும் இதனை அறியாதாரல்லர். அழுதார் யாவரையும் உடனே சபையிற் சேர்த்துக்கொள்ளாது, சோதித்த பின்னரே சேர்த்தனர்.

1855இல் அமெரிக்காவினின்று வந்த குழுவினர் ஆராய்ந்தபின் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி உபதேசிமாரினும் உத்தியோகம் நாடுவாரையே மிகுதியாக ஆக்கிற்று என்பது அவர் கண்ட குறை. 1857இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பி. ஏ. பட்டதாரிகளாகிய கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் இச்செமினரியிற் கற்றவரே. முன்னர் நாவலரை எதிர்த்தெழுதிய விசுவநாதபிள்ளை பின்னர்ச் சைவரானார். கிறித்தவக் குடியிற் பிறந்த தாமோதரம்பிள்ளையும் சைவரானார். மற்று, ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை இறுதிகாறும் கிறித்தவராகவே வாழ்ந்தார். அவர் மிஷன் பணியிலிருந்தமை ஒன்றே கொண்டு அவர் பற்றைப் பொய்யெனல் நேர்மையாகாது.

இவ்வளவுகோல் சைவர்க்கும் உரியது. சூலைநோய் நீங்குதல் கருதியன்றோ திருநாவுக்கரசர் சமணத்தினின்று மீண்டார் என வினவுவாருளர். நோய் நீங்கியபின் அவர்க்கு வந்தவை நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லும். அவற்றின்கண்ணும் அசையாது நின்ற பற்றே அவ்வினாவிற்கு விடையாம். ஆன்மா பரிபாகமுற்றுச் சத்திநிபாதம் நிகழுங்கால் மெய்ந்நெறி விளங்கும் என்பது சித்தாந்தம். கைக்கூலியாலேனும் அச்சத்தாலேனும் விளைவது அதுவன்று.

ஆறுமுக நாவலர் இதனை நன்குணர்ந்தார். பெர்சிவல் பாதிரியாரிடம் பைபிள் மொழிபெயர்ப்பிற்குத் துணைசெய்தும் தம் சமயம் பிறழாத அவர், 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கல்வியின் பொருட்டுச் சமயத்தை விலையாகக் கொடுக்கும் நிலையை மாற்றுதலே அதன் பயன். 1872இல் வெளியிட்ட ‘யாழ்ப்பாணச் சமயநிலை’யில் அவர் கடிந்தது சைவர்தம் குறைகளையும் ஆம். ஆகலின், மதம் மாறினாரது உள்ளத்தை ஐயுறுவோர், அவரை அந்நிலைக்குத் தள்ளிய வறுமையையும் கல்வியின்மையையும் தம் சமூகம் நீக்கிற்றா என முதற்கண் ஆராய்தல் கடனாம்.