மலையடியில் நம் முன்னோர் பெயர்

தலைநகரில் வாழும் நாம் நாள்தோறும் பாலத்தின்மேல் கடந்து செல்லும் யமுனை, மலையை விட்டுச் சமவெளியில் இறங்குமிடத்தில் கால்சி என்னும் சிற்றூர் இருக்கின்றது. உத்தரகண்ட மாநிலத்தில், டேராடூனிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அவ்வூர். அதன் அருகே டோன்சு ஆறு யமுனையோடு கலக்கின்றது. சக்ராத்தாவுக்கு ஏறும் சாலையும் அவ்வழியே செல்கின்றது. ஆகவே, ஜௌன்சார் மலைநாட்டிற்குக் கால்சியே தலைவாயில் எனலாம்.

அம்மலைநாட்டு மக்கள் படிப்படியாக அமைந்த வயல்களில் இஞ்சியும் சேப்பங்கிழங்கும் விளைவிப்போர். நாம் சித்திரைப் பிறப்பைக் கொண்டாடும் நாள்களில் அவர்கள் பிஸ்ஸு விழா எடுக்கின்றனர். தீபாவளியையோ, பல ஊர்களில், அறுவடை வேலைகள் முடிந்தபின், ஏனையோர்க்கு ஒரு திங்கள் கழித்தே கொண்டாடுகின்றனர்.

1860ஆம் ஆண்டில் ஃபாரஸ்ட் என்னும் ஆங்கிலேயர் இவ்வூரில் பாசி படர்ந்த பெரும்பாறை ஒன்றைக் கண்டார். அதனைத் துலக்கியபோது, கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அசோகனின் 14 கட்டளைகள் பிராமி எழுத்தில் வெளிப்பட்டன. பாறையின் ஒரு பக்கத்தில் அழகிய யானையுருவம் ஒன்றும் தீட்டப்பட்டுள்ளது.

அக்கட்டளைகளுள் இரண்டாவது நம் நெஞ்சைத் தொடுவது. தன் ஆட்சிப் பரப்பில் மட்டுமன்றி, எல்லைக்கு அப்பாலுள்ள சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும், தம்பபண்ணி எனப்படும் இலங்கை வரையிலும், மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் கிடைக்கச் செய்ததாக மன்னன் அதில் கூறுகின்றான். மூலிகைகள் நடப்பட்டன, வழிகளில் கிணறுகள் தோண்டப்பட்டன. இவர்களுள் சத்தியபுத்திரர் யாவர் என்பதில் அறிஞரிடையே நெடுநாள் கருத்து வேறுபாடு இருந்தது. 1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் கிடைத்த கல்வெட்டு, அவர் அதியமான் மரபினரே எனத் தெளிவாக்கியது.

வட இமயத்தின் அடிவாரத்தில் நம் முன்னோர் பெயர் போரில் தோற்றோராகப் பொறிக்கப்படவில்லை. நலம் நாடப்பட்ட அயலாராகவே பொறிக்கப்பட்டது. இப்பெருமையோடு நமக்கொரு கடமையும் உண்டு. 2022ஆம் ஆண்டில் வியாசி மின்திட்டத்திற்காக யமுனையில் நீர் தேக்கப்பட்டபோது, அம்மலைநாட்டின் லோஹாரி என்னும் ஊர் நீரில் மூழ்கியது. மக்கள் வீடும் வயலும் துறந்தனர். பிழைப்பு நாடித் தாமே ஊர்விட்டு வந்த நமக்கே பிறந்த மண்ணின் நினைவு நெஞ்சை வாட்டுகின்றது. திரும்பிச் செல்ல ஊரே இல்லாதோர் துயரை என்னென்பது!

அடுத்த விடுமுறையில் நம் பிள்ளைகளைக் கால்சிக்கு அழைத்துச் செல்வோம். பாறையைக் காட்டுவதோடு நில்லாமல், அம்மண்ணின் மக்களோடும் அளவளாவி வருவோம். அயலார் நலமும் நம் நலமே என்பதன்றோ அக்கல் கூறும் செய்தி!