வேட்டை வில்லின் ரைசர்: நான்கு அங்குலத்தில் என்ன இருக்கிறது?

இரண்டு வேட்டை வில்கள். இரண்டுமே 60 அங்குலம். செய்த நிறுவனம் ஒன்று, இழுக்க வேண்டிய விசையும் ஒன்று. ஆனால் ஒன்றில் கையால் பிடிக்கும் நடுக்கட்டை மட்டும் நான்கு அங்குலம் அதிகம். மொத்த நீளம் ஒன்றுதானே, எதை வாங்கினால் என்ன? இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் அமெரிக்க வில் வேட்டையின் வரலாறே இருக்கிறது.

முதலில் இரண்டு சொற்கள். வில்லின் நடுவில் வளையாமல் நிற்கும் கட்டைக்கு ரைசர் என்று பெயர். அதற்கு மேலும் கீழும் வளைகிற பகுதிகள் லிம்ப். பழைய இங்கிலாந்து நீள்வில்லில் இந்தப் பிரிவு பெரிதாகக் கிடையாது. ஆள் உயரத்துக்கு ஒரே மரக்கட்டை, நடுவில் மட்டும் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான்! ரிகர்வ் வில் வேறு மாதிரி. அதன் நுனிகள் எய்பவனுக்கு எதிர்ப்பக்கமாக மடங்கியிருக்கும். அதனால் குறைந்த நீளத்திலேயே அதிக ஆற்றலைச் சேமிக்கும். துருக்கியரும் மங்கோலியரும் குதிரை மேல் இருந்தபடி எய்ததும் இப்படிப்பட்ட குட்டை வில்களால்தான்.

அமெரிக்காவில் வில் வேட்டைக்குச் சட்டப்படி இடம் கிடைத்தது அவ்வளவு சுலபத்தில் அல்ல. விஸ்கான்சின் மாநிலம் 1934இல்தான் மான் வேட்டைக்குத் தனி வில் பருவத்தை அனுமதித்தது. அம்பு மானைக் கொல்லாது, காயப்படுத்தி ஓடவிடும் என்பதுதான் எதிர்த்தவர்களின் வாதம். ஆகவே குறி தவறாத வில் என்பது வெறும் பெருமைக்கான விஷயமாக இருக்கவில்லை. இந்த வேட்டை முறை நிலைக்குமா என்பதே அதில்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் வளர்ந்தவர் பிரெட் பேர். 1902இல் பென்சில்வேனியாவில் பிறந்து, டெட்ராய்ட் கார் தொழிலில் வேலை பார்த்தவர். 1933இல் ஒரு நண்பருடன் சேர்ந்து சிறு தொழில் தொடங்கினார். பக்கத் தொழிலாக இருந்த வில் செய்வதே பிறகு முழுத் தொழிலானது. 1947இல் தொழிற்சாலை மிச்சிகன் மாநிலத்தின் கிரேலிங் ஊருக்குப் போனது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த கண்ணாடி இழை எல்லாவற்றையும் மாற்றியது. மெல்லிய மரப்பட்டைகளின் இருபுறமும் கண்ணாடி இழையை ஒட்டினால், குட்டையான லிம்ப் கூட முறியாமல் நன்றாக வளையும். லிம்ப் குட்டையானதால் நடுவில் தடித்த கட்டைக்கு இடம் கிடைத்தது. அந்தக் கட்டையின் ஒரு பக்கத்தைச் செதுக்கி, அம்பு வில்லின் மையக்கோட்டை ஒட்டிப் போகும்படி செய்தார்கள். தடிமன் இல்லாமல் அப்படிச் செதுக்க முடியாது. ரைசர் என்பது ஒரு முக்கிய உறுப்பாக ஆனது இப்படித்தான்.

1960களில் குட்டை வில் மோகம் வந்தது. பேர் நிறுவனமே 52 அங்குலத்திலும் 48 அங்குலத்திலும் வில் விற்றது. புதருக்குள்ளும் மரத்தின் மேலும் உட்கார்ந்து எய்கிறவர்களுக்கு அது வசதி. ஆனால் விலை உண்டு. குட்டை வில்லை முழுதாக இழுத்தால் நாண் கூர்மையாக மடங்கி விரல்களை நெருக்கும். கடைசி அங்குலங்களில் விசை திடீரென்று ஏறும். எடையும் குறைவு என்பதால் கையின் சின்ன நடுக்கம் கூட அம்பில் தெரியும்.

இதற்கிடையே இன்னொரு தொல்லை. சிறு விமானத்தில் அலாஸ்கா போகிற வேட்டைக்காரன் ஐந்தடி வில்லை எங்கே வைப்பான்? அதற்கு விடைதான் 1970 வாக்கில் சந்தைக்கு வந்த பேர் டேக்டவுன். கருவி எதுவும் இல்லாமல், கையாலேயே லிம்ப்களைக் கழற்றி மாட்டலாம். பயணத்துக்காகப் பிறந்த இந்த யோசனை எதிர்பாராத ஒரு கதவைத் திறந்தது. ரைசரும் லிம்பும் தனித்தனிப் பொருள்களாகிவிட்டன. இனி வாங்குபவனே அளவைத் தேர்ந்தெடுக்கலாம்!

ஏ ரைசர் சிறியது. குட்டை லிம்புடன் 56 அங்குலம், நீள லிம்புடன் 60. பி ரைசர் அதைவிட நான்கு அங்குலம் பெரியது. குட்டை லிம்புடன் 60, நீள லிம்புடன் 64. ஆக, 60 அங்குல வில்லை இரண்டு வழிகளில் அமைக்கலாம். முதலில் கேட்ட கேள்வி இங்கேதான் வருகிறது.

ஏ ரைசரும் நீள லிம்பும் சேர்ந்தால் வளையும் பகுதி அதிகம். இழுக்கும்போது விசை சீராக ஏறும். கை நீளமானவர்களுக்கு இது பொருந்தும். பி ரைசரும் குட்டை லிம்பும் சேர்ந்தால் நடுவில் எடை கூடும், வில் கையில் ஆடாமல் நிற்கும். ஆனால் வளையும் பகுதி குறைவு என்பதால் நீளமாக இழுப்பவருக்கு முடிவில் கடினமாகும். வில்லின் விசையை 28 அங்குல இழுப்பில் அளந்து குறிப்பது வழக்கம். அதையும் தாண்டி 29, 30 அங்குலம் இழுப்பவர் பி ரைசருடன் நீள லிம்பை மாட்டி 64 அங்குலமாக வைத்துக்கொள்வதே நல்லது. அதாவது முதலில் அளக்க வேண்டியது வில்லை அல்ல, இழுப்பை!

வியாபாரக் கண்ணோடு பார்த்தாலும் இது கெட்டிக்காரத்தனம்தான். சில ரைசர், சில லிம்ப் செய்தால் பல அளவு வில்கள் தயார். லிம்ப் முறுக்கிக்கொண்டால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

ஆனால் நேரம் சாதகமாக இல்லை. உருளைகள் வைத்த காம்பவுண்ட் வில்லுக்கு ஹோலஸ் வில்பர் ஆலன் 1969இல் காப்புரிமை பெற்றார். 1970களில் வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் அதன் பக்கம் போனார்கள். ஆனாலும் கழற்றி மாட்டும் யோசனை சாகவில்லை. 1980களில் ஹோய்ட் நிறுவனம் கொண்டுவந்த லிம்ப் பொருத்தும் முறையைப் பிறகு பல நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. நடுத்தர லிம்பை 25 அங்குல ரைசரில் மாட்டினால் 68 அங்குலப் போட்டி வில். அதே லிம்பை 17 அங்குல ரைசரில் மாட்டினால் 60 அங்குல வேட்டை வில்.

பிரெட் பேர் 1988இல் காலமானார். அந்தக் கேள்வி மட்டும் இன்னும் இருக்கிறது. காட்டில் மறைந்து உட்காரக் குட்டை வில் வசதிதான். ஆனால் அம்பு இடம் தவறினால் அந்த வசதிக்கு விலை கொடுப்பது வேட்டைக்காரன் அல்ல, காயத்தோடு ஓடும் மான். நான்கு அங்குலத்தில் இருப்பது அதுதான்.