பிழை என்றால், எந்தப் பிழை?

கட்டுரை திருத்தும்போது ஓரத்தில் வெறுமனே 'தவறு' என்று மட்டும் எழுதுவீங்களா? எழுத்துப்பிழையா, சந்திப்பிழையா, கருத்துப்பிழையா என்று குறித்தால்தானே மாணவருக்கு எதைத் திருத்துவது என்று புரியும்! இணையமும் இந்தப் பாடத்தை மெல்ல மெல்லத்தான் கற்றுக்கொண்டது.

1980இல் இணைய நெறிமுறைகளைத் தொகுத்த ஜான் போஸ்டல், அனுப்புபவர் கண்டிப்பாகவும் பெறுபவர் தாராளமாகவும் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். இணையம் வளர அது உதவியது. ஆனால் தாராளம் மிஞ்சினால் என்ன ஆகும்? 1990களின் தமிழைப் பாருங்க. ஒவ்வோர் எழுத்துருவும் எழுத்துகளுக்குத் தன்னிஷ்டப்படி எண் கொடுத்தது. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் குப்பைதான் தெரியும். கணினியோ குறை சொல்லாமல் வாங்கிக்கொண்டது. இதைச் சீராக்கத்தான் நா. கோவிந்தசாமி போன்றோரின் முயற்சியால் 1997 மே மாதம் சிங்கப்பூரில் 'தமிழ்நெட் 97' மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' நடந்தது.

அதே ஆண்டுகளில் வலைத்தளங்களின் நெறிமுறையான எச்.டி.டி.பி.யிலும் மறுமொழி எண்கள் கூடின. 1996 மே மாத ஆவணத்திலேயே 400 இருந்தது. 1997 ஜனவரியில் 415 வந்தது. 1999 பிப்ரவரியில் வெப்டாவ் என்ற விரிவாக்கத்துக்காக 422 வந்தது. 2022 ஜூனில்தான் அது பொது நெறிமுறையில் சேர்ந்தது.

மூன்றுக்கும் என்ன வேறுபாடு? ஜாலான் புசாரிலிருந்து ஒரு மாணவி இணையத்தில் தேர்வு விண்ணப்பம் அனுப்புகிறார் என்று வச்சுக்குங்க.

400: யூ.டி.எஃப்-8 என்று சொல்லிவிட்டுப் பழைய எழுத்துரு எண்களை அனுப்பினால், செய்தியின் அமைப்பே உடைந்திருக்கிறது. இது எழுத்துப்பிழை மாதிரி.

415: அமைப்பு சரி, ஆனால் தளம் ஏற்காத வடிவம். தமிழ்த் தாளுக்கு வேறு மொழியில் விடை எழுதிய மாதிரி.

422: படிக்க முடிகிறது, வடிவமும் சரி, ஆனால் பிறந்த நாள் பிப்ரவரி 30! இது கருத்துப்பிழை.

அனுப்பியவர் செய்த பிழைக்கு 500 என்று பதில் வந்தால், அது 'கோளாறு என் பக்கம்' என்று தளம் சொல்வது. பாவம், மாணவி அதே விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கிட்டே இருப்பார்.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. புரியாத எழுத்துகளுக்குப் பதில் கேள்விக்குறிகளைச் சேமித்துவிட்டு, 'வெற்றி' என்று 200 எண்ணை அனுப்புவது. மாணவியின் பெயர் அங்கேயே அழிந்துபோகிறது; தெரியவரும்போது கடைசி நாளும் முடிந்திருக்கும். மறுப்பது கடுமை அல்ல. காரணம் சொல்லாமல் மறுப்பதும், மறுக்க வேண்டியதை மறைப்பதும்தான் கடுமை.

வகுப்பில் கலந்துரையாட: முகவரியில் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கத்துக்குப் பதில் ஐந்து இலக்கமாக இருந்தால் எந்த எண்ணைத் தருவீர்கள்? ஏன்?